இரண்டு தடவை வறுத்த காபி

ஒன்பது வருடமாக லாரிக்காரன் மிஸ்ஃபருக்குப் பாலைவனக் கிழவி நுவைர் மேல் ஒரே ஆத்திரம்தான். அவனுடைய தண்ணீர் லாரியை அவள் பள்ளத்தாக்குக்குள் விடமாட்டாள். பள்ளத்தாக்கின் வாயிலேயே நிறுத்திவிட்டு, கேனைத் தோளில் சுமந்து நானூறு எட்டு நடக்க வேண்டும். கேட்டால், "உன் வண்டி உறுமினா என் பாறை உதிரும்டா" என்பாள்.

அவள் பாறையாம்! பிறந்தது அதன் அடியில். கணவனைப் புதைத்ததும் அங்கேதான். எந்தக் காலத்து மனிதனோ அதில் கொத்தி வைத்த ஒட்டகங்கள் ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தாள். தன் நாற்பது ஆடுகளுக்குக்கூட வைக்கவில்லை.

அன்று மதியம் மிஸ்ஃபர் அங்கே இருக்கும்போதே என்ஜினீயர் வந்தார். ரோட்டுக்குக் கல் வேண்டும். செதுக்கல் இருக்கும் பாறைக்கு வெடி வைக்கக்கூடாது என்பது சட்டம். இதில் செதுக்கல் உண்டா என்று பார்த்து எழுதத்தான் வந்திருந்தார். வடக்கு பார்த்த பாறை நிழலில் கன்னங்கரேலென்று கிடந்தது.

"ஒண்ணையும் காணோமே" என்று பேனாவை எடுத்தார்.

"இரு மகனே. என் கூடாரத்துல காபி குடிக்காம போனா உங்கப்பன் பேருதான் கெடும்."

மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். நுவைர் கொட்டைகளை எண்ணி எண்ணி வறுப்பதுபோல வறுத்தாள், இடித்தாள், காய்ச்சினாள். பிற்பகல் அசர் தொழுகையும் முடிந்தது. இனித் தள்ளிப்போட வழியில்லை. அவள் கண் பாறைக்கும் அடுப்புக்குமாக ஓடுவதை மிஸ்ஃபர் பார்த்தான். வெயில் இன்னும் பாறைப் பக்கம் திரும்பவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. எட்டி முதல் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தான்.

"தூ! ஒரே கருகல். விருந்தாளிக்கு இதையா குடுப்ப அத்தை?"

அவள் காபியை அதுவரை யாரும் குறை சொன்னதில்லை. ஒரு கணம் முறைத்தாள்.

"நாக்கு செத்த பயலே!" என்று பாத்திரத்தோடு மணலில் கவிழ்த்துவிட்டு, மறுபடி வறுக்க உட்கார்ந்தாள்.

இரண்டாம் தடவை கொட்டையை இடிக்கும்போது வெயில் பக்கவாட்டில் சாய்ந்து பாறையைத் தடவியது. முதலில் ஒரு தீக்கோழிக் கால். பிறகு ஒட்டகங்கள், ஈட்டிக்காரர்கள், கைதூக்கி ஆடும் பெண்கள். பாறை முழுக்கக் கூட்டம் எழுந்து நின்றது.

என்ஜினீயர் எழுந்து பாறையருகே போனார். பிறகு எழுதி, உரக்கப் படித்தார்: "இந்தப் பாறையைத் தொடக்கூடாது."

நுவைர் போட்ட குலவை மலைக்கு மலை மோதித் திரும்பியது.

"இனிமே லாரியை உள்ள கொண்டாரலாமா அத்தை?" என்றான் மிஸ்ஃபர்.

"தொடக்கூடாதுன்னு இப்பதானே எழுதினாரு, காது கேக்கலயா? தண்ணி தீந்துபோச்சு. ரெண்டு கேன் கொண்டா. நடந்து போயிட்டு வா."