டிரம்முக்குப் போட்ட பூசை

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு கழிவுநீர் நிலையத்தில் மோட்டார் போடுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், வாய் நிறைய வெற்றிலை. பூஞ்சையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நான், ஐந்து மாதம் தினமும் அவர் முகத்தில்தான் விழித்தேன்.

ஆராய்ச்சி இதுதான். நாம் முழுங்குகிற மாத்திரை, தேய்க்கிற சோப்பு, பிளாஸ்டிக்கில் கசிகிற கண்றாவி எல்லாம் கடைசியில் ஆற்றுக்குத்தான் போகின்றன. அவற்றில் சில உடம்புக்குள் ஹார்மோன் வேஷம் போடும்; ஆண் மீனுக்குள் முட்டை உண்டாகும். வழக்கமான சுத்திகரிப்புக்கு இவை முழுக்க மசிவதில்லை. பட்ட மரத்தை மக்கவைக்கிற ஒரு வெள்ளைப் பூஞ்சை இவற்றையும் உடைத்துப்போடும். அதைத் தாமிரபரணிக் கரையில் பட்டுப்போன மருத மரத்திலிருந்து சுரண்டி வந்து, நீல டிரம்மில் தேங்காய் நாரை அடைத்து, அதன்மேல் வளர்த்தேன். சாக்கடைத் தண்ணீர் அதன் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கும். நார் முழுக்கப் படர இரண்டு மாதம் பிடித்தது. தீபாவளிவரைதான் டிரம்மை அங்கே வைக்க அனுமதி. அதற்குள் கடைசி மாதிரிகளை எடுக்காவிட்டால் என் முனைவர் பட்டம் அம்போ.

அங்கே என்னிடம் முகங்கொடுத்துப் பேச ஒரு ஆள் கிடையாது. பொறியாளர் என்னைக் கண்டதும் போனைக் காதில் வைத்துக்கொள்வார். மோட்டார்க்காரர் மட்டும் டிரம்மை எட்டிப் பார்ப்பார்.

"இதுக்குள்ள என்னம்மா கெடக்கு? ஒரே பூசணமா இருக்கு?"

"சொன்னா உங்களுக்குப் புரியாது அண்ணாச்சி. மோட்டாரைப் பாருங்க."

ஆயுத பூசைக்கு மூன்று நாள் லீவில் ஆழ்வார்திருநகரிக்கு, வீட்டுக்குக் கிளம்பினேன். போகும்போது பார்த்தால் டிரம்மைச் சுற்றி கிரீஸும் வெற்றிலைத் துப்பலும். எனக்கு வந்ததே ஆத்திரம்!

"மனுசன் நிக்கிற இடமா இது? ஒருநாளாவது கழுவுனீங்களா?"

"பூசைக்குக் கழுவிருதேம்மா."

"எல்லாத்தையும் கழுவித் தொலைங்க!" என்று கத்திவிட்டுப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது டிரம் பளபளவென்று நின்றது. மூன்று பட்டை விபூதி, நடுவில் குங்குமம், கழுத்தைச் சுற்றிச் செவ்வந்தி மாலை. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. நார் முழுவதும் காம்பவுண்டுச் சுவரில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கிட்டே போனதும் பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். "மோட்டாருக்கு மட்டுமா பூசை? உங்க டிரம்மையும் விட்டுறலம்மா. எம்புட்டுப் பூசணம்! ரெண்டு தடவை ஊறப்போட்டுக் கழுவுனேன்."

"கொன்னுட்டீரே! ஐயோ, பாவி, கொன்னுட்டீரே!"

வயதில் மூத்தவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். அந்தப் பூசணம்தான் என் ஐந்து மாத வேலை, அது உயிருள்ளது என்று அப்போதுதான், ஏச்சோடு ஏச்சாக, முதல்முறையாக அவரிடம் சொன்னேன். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த பொறியாளர் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மோட்டார்க்காரர் முகம் செத்துப்போனது. "உசுருள்ளதா? உசுருள்ளதுக்கா பவுடரைப் போட்டேன்?" என்றவருக்குக் குரல் ஏறியது. "அஞ்சு மாசமா வாரிய, போறிய. நான் கேக்காத நாளு உண்டா? உள்ள உசுரு இருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னியளா? வாயைத் தொறந்தா ஏச்சுதான!"

தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை. மறுபடி வளர்க்க இரண்டு மாதம் வேண்டும். காலி டிரம் எதற்கு என்று அந்த வாரமே அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

எடுத்துப்போக லோடு ஆட்டோவோடு வந்தேன். விபூதி அழிந்திருந்தது, மாலை இல்லை. அவரே துடைத்திருக்க வேண்டும். ஒரு கை பிடித்து டிரம்மை ஏற்றிவிட்டு, பைய என் பக்கம் வந்தார்.

"இப்பமாச்சும் சொல்லுங்கம்மா. அது அந்தத் தண்ணியில என்னத்தத் தின்னுச்சு?"

தொண்டைவரைக்கும் வந்தது. வீம்பு விடவில்லை. ஆட்டோக்காரரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.