ஓரத்தில் வைக்காத புள்ளி

நாற்பத்தொரு மணி நேரம். 1956 பிப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 2 மணி முதல் செவ்வாய்க்கிழமை காலை 7 மணி வரை. அத்தனை நேரமும் காஜா பேராங் ஊர் வாசகசாலை பூட்டிக் கிடந்தது. சாவி ஒன்றுதான். அது சேதுபதியிடம் இருந்தது. இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நடந்தது நடந்ததுதான். நேரங்களில் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

சேதுபதிக்கு அப்போது இருபத்து நான்கு வயது. லாரிக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி. தினமும் காலை ஏழு மணிக்கு வாசகசாலையைத் திறந்து பத்திரிகைகளை விரித்து வைப்பான். எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு வேலைக்குப் போவான். மாலை ஐந்தரைக்கு மறுபடி திறப்பான். ஞாயிறு மட்டும் பகல் முழுதும் திறந்திருக்கும். வாசகசாலை என்பது சைக்கிள் கடைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரே அறை. ஒரு நீள மேசை, இரண்டு பெஞ்சு, ஓர் அலமாரி. அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு நோட்டு இருந்தது. அதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை.

நோட்டு, வாசகசாலைக்குத் தினமும் வரும் பொன்னுதுரையின் யோசனை. முந்திய வருடம் அவனுக்கு இரண்டு மாதம் தூக்கமே இல்லாமல் போயிற்று. யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள், இல்லாவிட்டால் கல்யாணம் பண்ணி வைப்பார்கள். தன்னைப் போல இன்னும் சிலர் இருப்பார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. இருந்தார்கள்.

ஆறு பேர், ஆறு எண்கள். எந்த எண் யாருடையது என்பது சீட்டுக் குலுக்கிய பொன்னுதுரைக்கு மட்டும் தெரியும். மனத்தில் இருப்பதை எதையும் எழுதலாம். ஆனால் இடது கையால்தான் எழுத வேண்டும், கையெழுத்து காட்டிக் கொடுக்கக் கூடாது என்பதற்காக. நாளும் மணியும் போட வேண்டும். படித்தவன் ஓரத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி வைத்தவன் பதில் எழுதாமல் எழுந்திருக்கக் கூடாது.

ஒருமுறை எண் மூன்று, வேலை போய்விட்டது, இனி இருந்து என்ன பயன் என்று எழுதியிருந்தான். கீழே யாரோ கோணல் எழுத்தில் எழுதினார்கள்: “முதலில் சோறு தின்னுங்கள். வெறும் வயிற்றில் எதையும் முடிவு பண்ண வேண்டாம்.” அதற்குக் கீழே இன்னும் மூன்று பேர். எண் மூன்று பிழைத்தான்.

திங்கட்கிழமை காலை பாடாங் திடலில் பெரிய கூட்டம். நாட்டுக்குச் சுதந்திரம் எந்தத் தேதியில் என்று அறிவிக்கப் போகிறார்கள். ஞாயிறு இரண்டு மணிக்கே வாசலில் நண்பன் கணேசமூர்த்தி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நின்றான். சேதுபதி கதவைப் பூட்டிவிட்டு அவனோடு போனான். தோரணம் கட்டினார்கள். கையில் இருந்த கடிகாரத்தைச் சேதுபதி அடிக்கடி பார்த்தான். பொண்ணு காத்திருக்கா என்று கணேசமூர்த்தி கேலி செய்தான். இரவு புக்கிட் பாருவில் கணேசமூர்த்தி வீட்டில் தங்கல். திங்கள் முழுதும் மெர்டேக்கா, சுதந்திரம் என்று கத்தித் தொண்டை கட்டிப்போயிற்று.

செவ்வாய், காலை மணி 7. பூட்டு பூட்டியபடி இருந்தது. திறந்தான்.

உள்ளே கடல் வாடை. காஜா பேராங்கில் ஏது கடல்? தரை காய்ந்திருந்தது. ஜன்னல்கள் உள்பக்கம் தாழிட்டபடி இருந்தன.

அலமாரியில் இருக்க வேண்டிய நோட்டு மேசைமேல் விரிந்து கிடந்தது. பக்கத்தில் பென்சில். ஞாயிறு காலை அவனே சீவி வைத்த முழுப் பென்சில். இப்போது கட்டை விரல் நீளம்கூட இல்லை.

பக்கத்தின் தலையில் இடது கை எழுத்து. எண் ஐந்து. ஞாயிறு, பகல் 1.20.

“மூன்றாம் தடவையும் பரீட்சையில் தோற்றுவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இனி முடியாது போலிருக்கிறது. கிளேபாங் கடற்கரையில் ஆறு மணி வரை உட்கார்ந்திருப்பேன். யாராவது ஒருவர் வந்தால் திரும்பி வந்துவிடுவேன்.”

ஓரத்தில் புள்ளி இல்லை.

அதற்குக் கீழே வேறு வரிகள்... இடது கைக் கோணல் இல்லை. நிதானமான, அழகான வலது கை எழுத்து.

“ஞாயிறு, இரவு 7. திரும்பி வந்துவிட்டேன். இங்கேயும் யாரும் இல்லை.”

“இரவு 8. காத்திருக்கிறேன்.”

“இரவு 9. காத்திருக்கிறேன்.”

மணிக்கு ஒரு வரி. பக்கத்தைத் திருப்பினான்.

“திங்கள், காலை 10. தூரத்தில் கைதட்டல் கேட்கிறது. எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்.”

“காலை 11. காத்திருக்கிறேன்.”

எண்ணினான். முப்பத்தேழு வரிகள். கடைசி வரி ஈரமாக இருந்தது.

“செவ்வாய், காலை 7. எண் இரண்டு வந்துவிட்டார்.”

எண் இரண்டு அவன்தான்.

கடிகாரம் பார்த்தான். 7.04.

பின்னால் திரும்ப அவனுக்குத் தைரியம் வரவில்லை. வேறு சாவி இருக்கலாம், யாரோ உள்ளே வந்து போயிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வரி எழுதியிருக்கிறான் என்றால் ஆள் உயிரோடு இருக்கிறான். அது போதும். துண்டுப் பென்சிலைப் பிடித்து, இடது கையை மறந்து, எழுதினான்: “தம்பி, மன்னித்துக்கொள்ளுங்கள். இன்று மாலை ஐந்தரைக்கு வாருங்கள். நான் இருப்பேன். எண் 2.”

நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினான். சைக்கிளை மிதித்துக் கிளேபாங் போனான். கரையில் யாரும் இல்லை. அலை மட்டும்.

மாலை 5.30. பொன்னுதுரை வந்தான். முகம் செத்திருந்தது. அவனுக்குப் பின்னால் பொன்னம்மா. வீடுகளில் துணி துவைத்துத் தன் ஒரே மகன் அப்பாசாமியைப் படிக்க வைப்பவள். அப்பாசாமியைச் சேதுபதி அறிவான். பத்தொன்பது வயது. பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து, அடுத்தவர் பத்திரிகையின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பான்.

எண் ஐந்து அவன்தான் என்று பொன்னுதுரை காதோடு சொன்னான். ஞாயிறு மாலை ஆறரைக்கு மீன்பிடிக்கிறவர்கள் கரைக்குக் கொண்டுவந்தார்களாம். உயிர் இல்லை. யார் என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டத்துக்காக ஊரே பாடாங்கில். இரண்டு இரவு பெயர் இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். இன்று நண்பகலில்தான் தாய் அடையாளம் காட்டினாள்.

ஞாயிறு, ஆறரை.

முதல் வரி, இரவு 7.

சேதுபதி அலமாரியைத் திறந்து நோட்டை நீட்டினான். பொன்னுதுரை பார்த்தான். புத்தகம் எடுப்பவர்கள் கையெழுத்துப் போடும் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். அதில் அப்பாசாமி போட்டிருந்ததும் அதே எழுத்து. அதே வளைந்த ‘ச’. 

பொன்னம்மாவுக்குப் படிக்கத் தெரியாது.

“எம்புள்ள என்னா எழுதியிருக்கான்? படிங்க தம்பி.”

பொன்னுதுரை அந்த முதல் பதிவை மட்டும் படித்தான். அவள் அழவில்லை. கேட்டு முடித்தாள்.

“இத யாருமே பாக்கலியா?”

“ரூம்பு பூட்டிக் கெடந்துச்சும்மா. யாரும் பாக்கல.”

அப்படித்தான் பொன்னுதுரை நம்பினான்.

சரக்... சரக்... தாளில் பென்சில் உரசும் சத்தம். மூவர் கையும் நோட்டில் இல்லை.

சேதுபதி குனிந்து பார்த்தான். காலையில் அவன் எழுதிய பதிலுக்குக் கீழே ஒரு வரி.

“மாலை 5.48. எண் இரண்டு, அம்மாவிடம் சொல்லுங்கள்.”

பொன்னுதுரையும் பார்த்தான்.

“என்னத்தச் சொல்லச் சொல்றான்?”

சேதுபதி பென்சிலை எடுத்தான். ஞாயிறு, பகல் 1.20. அதன் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தான்.

“நான் பாத்தேம்மா. ஞாயித்துக்கெழம ரெண்டு மணிக்கு முன்னாலயே படிச்சிட்டேன். வேற யாராச்சும் பாப்பாங்க, போவாங்கன்னு விட்டுட்டேன்... கதவப் பூட்டினதும் நான்தாம்மா.”