எலும்பக்காவின் வெற்றுச் சீட்டு

எங்கள் மருத்துவக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் மட்டும் இரவல் கொடுப்பதில்லை, எலும்பும் கொடுக்கிறோம். வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. கல்யாணமான புதிதில் நான் கதை விடுகிறேன் என்றுதான் என் பெண்டாட்டியே நினைத்தாள். முதலாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு மரப்பெட்டி வாங்கிப் போவார்கள். உள்ளே பாதி எலும்புக்கூடு இருக்கும். ஒரு மண்டை ஓடு, ஒரு தாடை, கயிற்றில் கோத்த முதுகெலும்புகள், ஒரு பக்கத்துக் கை, அதே பக்கத்துக் கால், பன்னிரண்டு விலா. வருடக் கடைசியில் அப்படியே கொண்டுவந்து தர வேண்டும். கொடுப்பது, வாங்குவது, எண்ணுவது எல்லாம் எலும்பக்காவின் பொறுப்பு.

அக்காவுக்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு இருபத்தொரு வயதில் உதவியாளராகச் சேர்ந்தவர். முதல் மாதம் பெட்டியின் மூடியைத் திறக்கவே பயந்தாராம். இப்போது முப்பத்தொரு வருடம் ஆகிவிட்டது. மகளுக்குச் சளி பிடித்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார், கை பாட்டுக்குப் பெட்டிக்குள் போகும். கழுத்தடியில் வரும் காறை எலும்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கதையை நிறுத்தாமலே, "இது இடது பக்கத்து எலும்பு கண்ணு, உன் பெட்டி வலது. ரூம்ல கூட இருக்கிற பொண்ணோடத மாத்தி எடுத்துட்டு வந்துட்டே, போய்க் குடுத்துட்டு வா" என்பார். அந்தப் பெண் திருதிருவென்று விழிக்கும். எனக்கு இத்தனை வருடத்தில் இடது எது வலது எது என்று இன்னும் பிடிபடவில்லை.

இந்தப் பெட்டிகள் திரும்பி வரும்போது நாங்கள் எழுத ஒரு திருப்புச் சீட்டு உண்டு. எலும்புகளின் பெயர் வரிசையாக அச்சிட்டிருக்கும், ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு கட்டம். ஏதாவது குறைந்தால் மட்டும் கட்டத்தில் எழுத வேண்டும். விலா ஒன்று இல்லை, தாடையில் விரிசல், இப்படி. எல்லாம் சரியாக இருந்தால் ஒன்றும் எழுதாமல் அடியில் கையெழுத்துப் போட்டால் போதும். இதை யார் ஆரம்பித்தார்களோ, அவர்களுக்கு எழுதுவதில் சோம்பல் இருந்திருக்க வேண்டும். கவுண்ட்டரில் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே பழகிவிடுவார்கள். நானும் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போவதற்கு முன் ஒரு வருடம் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றுச் சீட்டுகளில் கையெழுத்துப் போட்டவன்தான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானம் போகிற இடத்தில் தேவைப்படும்.

அக்கா இந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுபோனவர். காலையில் கிளம்பும்போது வீட்டுக்காரருக்கு மேசையில் ஒரு துண்டுத்தாள் வைப்பார். அவர் தையல்காரர், கொஞ்சம் பயந்த சுபாவம். தாளில் "சோப்பு இல்லை" என்றோ "பல்பு போய்விட்டது" என்றோ இருக்கும். கல்யாணமான முதல் வருடம் ஒருநாள் வீட்டில் எல்லாமே இருந்தது. அக்கா அடியில் கையெழுத்தை மட்டும் போட்டு வைத்துவிட்டு வேலைக்கு வந்துவிட்டார். அந்த மனிதர் தாளைப் பார்த்தார், பாதி வெட்டிய துணியை அப்படியே போட்டுவிட்டு மாமியார் வீட்டுக்கு ஓடினார். "அத்தை, உங்க பொண்ணு ஒரு வார்த்தைகூட எழுதாம கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போயிட்டா" என்று வாசலில் நின்று அழுதாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வரும்.

இப்படிப்பட்டவரிடம்தான் எங்கள் எதிர்காலத் திட்டம் வந்து சேர்ந்தது.

நூலகத்தை மாற்றிக் கட்டப் போகிறார்கள் என்று ஒரு வருடமாகப் பேச்சு. தலைமை நூலகர் அம்மா இரண்டு வருடத்துக்கு முன் வேறு கல்லூரியிலிருந்து வந்தவர், நேர்மையானவர், எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். அவர் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு படிவம் அனுப்பினார். அதில் பதினாலு சேவைகளை அச்சிட்டிருந்தார்கள். புத்தகம் கொடுத்தல், எலும்புப் பெட்டி, பழைய வினாத்தாள், பிற நூலகங்களிலிருந்து புத்தகம் வரவழைத்தல், புது மாணவருக்கு வழிகாட்டல் என்று போகும். ஒவ்வொன்றின் எதிரேயும் ஒரு கட்டம். உங்கள் பிரிவு செய்வதைக் குறியுங்கள் என்று எங்கோ மேலே பொடி எழுத்தில் இருந்தது. கடைசியில் "இனி வேண்டியவை" என்று ஒரு வரி. படிவங்களைச் சேகரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மற்ற பிரிவுகளின் பின்னால் நான் நாயாக அலைந்தேன். அக்கா மட்டும் அரை மணி நேரத்தில் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். பதினாலு கட்டமும் காலி, அடியில் கையெழுத்து. எல்லாம் சரி, ஒரு குறையும் இல்லை என்று என் மண்டைக்கும் பட்டது. "பாத்தீங்களாக்கா, நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கு" என்று பாராட்டிவிட்டு மற்றவற்றோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தேன். இப்படியும் ஒரு மரமண்டை உண்டா என்று கேட்காதீர்கள்.

மூன்று வாரம் கழித்து, மதியம் சாப்பிட்டு வந்தபோது, அறிவிப்புப் பலகையின் முன் அக்கா தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நின்றுகொண்டிருந்தார். புதுக் கட்டடத்தின் வரைபடம் ஒட்டியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் வாயேன். இதுல நாம எங்க இருக்கோம்?"

"இதுதாங்கா வாசல்" என்று பெரிய மனுஷத்தனமாக விரலை வைத்தேன்.

"அது வாசல்னா, கழிப்பறை எப்படி நடு ஹாலுக்கு வந்துச்சு?"

நானும் தலையைச் சாய்த்தேன். பிறகு மறுபக்கம் சாய்த்தேன். எழுத்தெல்லாம் அவ்வளவு பொடியாக இருந்ததால், வரைபடத்தைத் தலைகீழாகத்தான் ஒட்டியிருந்தார்கள் என்பது ஐந்து நிமிடம் கழித்துத் தெரிந்தது. கழற்றித் திருப்பி ஒட்டினோம். இப்போது வாசல் வாசலாகவும் கழிப்பறை கழிப்பறையாகவும் இருந்தன. எங்கள் கவுண்ட்டர் இருந்த இடத்தில் ஒரு நீள சோபா, இரண்டு வட்டமான பூந்தொட்டி, புத்தகத்தை நாமே பதிந்துகொள்ளும் ஒரு மெஷின். எலும்புப் பெட்டிகள் வைக்கிற அலமாரியைக் காணோம், அங்கே ஒரு பெரிய திரை.

"சரி, நான் எங்க உக்காருவேன்? சோபாலயா?"

"வேற பக்கம் போட்டிருப்பாங்கக்கா, தேடுவோம்."

தேடினோம். அக்கா ஓர் ஓரத்திலிருந்து ஆரம்பித்து, பெட்டிக்குள் தேடுவதுபோல விரலால் ஒவ்வோர் அறையாகத் தொட்டு வந்தார். எனக்கு மேசை இருந்தது, புத்தகம் தைப்பவருக்கு மேசை இருந்தது. வரைபடத்தின் அடியில் பிரிவுகளின் பட்டியல் இருந்தது. அதில் கவுண்ட்டர், பணியிடம் இல்லை, அங்குள்ள ஊழியர் மருத்துவமனையின் சலவைப் பதிவறைக்கு மாற்றப்படுவார் என்று போட்டிருந்தது. சலவைப் பதிவறை சாலைக்கு அந்தப் பக்கம், ஜன்னல் இல்லாத கீழ்த்தளத்தில் இருக்கிறது. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளை எண்ண வேண்டும்.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அங்க என்ன குறையுதாம், என்னை எதுக்குக் கூப்பிடுறாங்க?"

தலைமை நூலகர் அம்மாவின் அறைக்குப் போனோம். அவருக்கும் குழப்பம். "நீங்களே எழுதிக் குடுத்ததுதானேம்மா?" என்று படிவக் கட்டை எடுத்து, அக்காவின் தாளைப் பிரித்துக் காட்டினார்.

"ஆமாம்மா, நான்தான் குடுத்தேன். எதுவும் குறையல."

"எதுலயும் குறி போடலையே!"

"குறைஞ்சாத்தானேம்மா போடணும்?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டினார். கிண்டல் செய்கிறார்களோ என்று அக்காவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அக்காவும் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ பாத்துத்தானே வாங்கினே?"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாமா என்று தோன்றியது. என் மேசை வரைபடத்தில் பத்திரமாக இருந்ததே. பதிலுக்காகக் காத்திருந்த அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அதில் சந்தேகமே இல்லை. அவர் என்னை நம்பிக்கொண்டு நின்றார். அதைத் தாங்க முடியவில்லை.

"பாத்தேன்கா. பாத்துட்டுத்தான் ஸ்டேப்ளர் அடிச்சேன். தப்பு என்னோடதுதான் மேடம்" என்று ஆரம்பித்து, திருப்புச் சீட்டு வழக்கத்தைத் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். காது இரண்டும் சுட்டது.

அம்மா தாளை மேசையில் வைத்தார். "எனக்கு ரெண்டு வருஷத்துல அந்தச் சீட்டு மூணுதான் வந்திருக்கு. அந்தப் பிரிவுல வேலையே இல்லன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

"குறைஞ்சதை மட்டுந்தாம்மா உங்களுக்கு அனுப்பணும்னு சொல்லியிருக்காங்க. மத்ததெல்லாம் என் இழுப்பறையில இருக்கு" என்றார் அக்கா. குரல் மெல்ல இறங்கிப்போயிருந்தது. இத்தனை வருடமாக வேலையைச் சரியாகச் செய்ததன் அடையாளம் யார் கண்ணிலும் படாத ஓர் இழுப்பறையில் கிடந்திருக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்.

வரைபடம் நாலு மணிக்குக் கல்லூரி முதல்வரின் கையெழுத்துக்குப் போகிறது, அதற்குள் புதுப் படிவம் கொடுத்தால் நானே கொண்டுபோய்ப் பேசுகிறேன் என்றார் அம்மா. அப்போது மணி மூன்று பத்து.

பதினாலு கட்டத்தில் குறி போட எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம் என்பீர்கள். அக்கா கவுண்ட்டரில் உட்கார்ந்து பேனாவை முதல் கட்டத்துக்கு மேலே பிடித்தபடியே இருந்தார். இறக்கவில்லை.

"போடுங்கக்கா. புத்தகம் குடுக்குறோம்ல?"

"குடுக்குறோம். போட்டா அது இல்லன்னு ஆயிடாதா?"

"ஆகாதுக்கா. இங்க போட்டாத்தான் இருக்குன்னு அர்த்தம்."

"எனக்குக் கை வரலடா."

முப்பத்தொரு வருடமாக அந்தக் கை குறையைத் தவிர எதையும் எழுதியதில்லை. நான் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் அக்கா என்னைப் பார்த்து "குறையுதா?" என்பார். "இல்லக்கா, இருக்கு" என்பேன். பிறகுதான் பேனா கீழே இறங்கும். நடுவில் ஒரு மாணவன் வந்து பழைய வினாத்தாள் கேட்டான். எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, "இது எந்த வரி?" என்று கேட்டு அதற்கும் குறி போட்டார். பிற நூலகங்களிலிருந்து வரவழைத்தலுக்குக் கடிதம் எழுதுவது நான், பார்சலைப் பிரிப்பது அவர். இதை யார் பேரில் போடுவது என்று இரண்டு பேரும் குழம்பி, கடைசியில் போட்டுவிட்டோம். மணி மூன்று நாற்பதாகியிருந்தது.

அடியில் "இனி வேண்டியவை" வரி மட்டும் மீதி. அதை அக்கா காலியாக விட்டுவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார். நான் தாளின் மேல் கையை வைத்தேன்.

"அக்கா, இந்தக் கட்டத்தை எப்படிப் படிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. குறையே இல்லயா, இல்ல நீங்க எழுதலயா?"

அக்கா எழுந்து அறிவிப்புப் பலகைக்குப் போனார். சோபாவையும் பூந்தொட்டிகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். திரும்பி வந்து, பெட்டியில் விலா குறைந்தால் எழுதும் அதே நேரான எழுத்தில், "நாற்காலி ஒன்று இல்லை" என்று எழுதினார். தாளை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பத்து நாள் கழித்துப் புது வரைபடம் வந்தது. இந்த முறை நேராகவே ஒட்டியிருந்தார்கள். பட்டியலில் சலவைப் பதிவறை வரி அடித்துவிடப்பட்டிருந்தது. சோபா குட்டையாகியிருந்தது. அதன் பக்கத்தில் ஒரு சின்னச் சதுரம், பின்னால் ஒரு நீளக் கட்டம். இரண்டிலும் பெயர் எழுதவில்லை. வாசலில் குப்பைத்தொட்டிக்கும் அதே மாதிரிச் சதுரம்தான் போட்டிருந்தார்கள். கேட்டுவிட்டு வருகிறேன் என்று அம்மாவின் அறைக்கு ஓடினேன். நாற்காலியும் எலும்பு அலமாரியும்தான், பெயர் போட மறந்துவிட்டார்கள் என்று அவர் சிரித்தார்.

நான் திரும்பி வந்தபோது அக்கா அந்தச் சதுரத்தின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தார்.

"நாற்காலிதாங்கா. பின்னாடி இருக்கிறது அலமாரி. பேரு எழுத மறந்துட்டாங்களாம், நாம வேணா எழுதிடலாமா?"

"எதுக்கு?" என்றார் அக்கா. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். சதுரத்துக்கு அடியில் தன் கையெழுத்தைப் போட்டார். வேறு ஒன்றும் எழுதவில்லை.