பல் விளக்கும் முன்

பூதப்பாண்டியில் எந்தப் பெண்ணின் கனவில் பாம்பு வந்தாலும், விடிந்ததும் அவள் செல்லத்தாயின் வாசலில் வந்து நிற்பாள். பல் விளக்கியிருக்க மாட்டாள், வழியில் யாரிடமும் பேசியிருக்க மாட்டாள். பாம்புக் கனவு அன்றைக்கு வாயிலிருந்து வரும் முதல் பேச்சாக இருக்க வேண்டும். கேட்டவர் திருப்பிச் சொல்லும் முதல் சொல்தான் பலன். ஆகவே நல்ல வாயாகப் பார்த்துத்தான் போவார்கள். செல்லத்தாய்க்கு நல்ல வாய் என்று ஊரே சொன்னது.

"வெரட்டிச்சா? நேர்ச்சை பாக்கி கெடக்கு. ஆவணி ஞாயிறு நாகராஜா கோயில்ல பால் ஊத்து. கொத்திச்சா? ரெத்தம் வந்துதா? அப்போ பீடை கழிஞ்சாச்சு, போ மக்கா."

நெல் அவித்துக் குத்திக் கொடுத்துப் பிழைத்தவள் அவள். வந்தவர்கள் பலன் கேட்டுச் சிரித்த முகமாய்த் திரும்புவார்கள். சற்று உட்கார்ந்துவிட்டுப் போகலாம் என்று ஒருத்திக்கும் தோன்றாது. உனக்கு என்ன கனவு வந்தது என்று ஒருத்தியும் கேட்டதில்லை. அந்த ஊர்க்காரிகள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

அவள் கணவன் கோலப்பன், இருபத்துநாலாம் வருஷத்துப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறியவன். போனதோடு சரி. அங்கே தாளும் மையும் கிடைக்காதோ என்னவோ.

ஓர் ஐப்பசி விடியலில் செல்லத்தாய்க்கே கனவு வந்தது. கோலப்பனின் கட்டிலிலிருந்து நல்லபாம்பு ஒன்று இறங்கி, வாசல் தாண்டி, திரும்பிப் பாராமல் போயிற்று. பாம்பு வீட்டைவிட்டு இறங்கினால் போன ஆள் வரமாட்டான். அவளுக்குத் தெரியாததா? ஆனால் நல்ல வாய் ஒன்று 'வந்திருவாரு' என்று சொல்லிவிட்டால் எல்லாம் மாறிவிடும். பக்கத்து வீட்டு ராகேல் வேதக்காரி, ஏசுவைக் கும்பிடுகிறவள், கனவையெல்லாம் நம்பமாட்டாள். ஆனாலும் நல்ல மனசு. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு செல்லத்தாய் கதவைத் திறந்தாள்.

வாசலில் சண்முகவடிவு நின்றாள். நிறைமாத வயிறு, கண்ணெல்லாம் தண்ணீர்.

"அக்கா, வயித்தைச் சுத்திக் கெடந்த பாம்பு நழுவிப் போயிட்டு."

சொல்லியாயிற்று. இனி அவள் வேறு வாய் தேட முடியாது. செல்லத்தாய் பேசாமல் தாண்டிப் போனால் அதுவே அந்தப் பெண்ணுக்குப் பலனாகிவிடும். பேசினாலோ தன் கனவு போச்சு. செல்லத்தாய் முந்தானையை எடுத்தாள்.

"நழுவல்ல மக்கா, வழி விட்டுது. பிள்ளை சொகமாப் பொறக்கும்."

சண்முகவடிவு சிரித்துக்கொண்டு போனாள். செல்லத்தாய் அன்று முழுக்க நெல் அவித்தாள். அழுவதற்கு அடுப்புப் புகை நல்ல சாக்கு.

சாயங்காலம் ராகேல் அவித்த கிழங்கு கொண்டுவந்தாள்.

"முகம் என்னக்கா இப்பிடி இருக்கு?"

"ஒரு கனவு கண்டேன்."

"எனக்குப் பலன் சொல்லத் தெரியாதே. உபதேசியார் கேட்டா ஏசுவாரு."

"இனி பலனும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நீ கேட்டா போரும்."

ராகேல் உட்கார்ந்தாள். அந்த வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து எத்தனையோ காலமாயிற்று. செல்லத்தாய் சொல்லத் தொடங்கினாள். பாம்பு வாசலைத் தாண்டும் இடம் வந்ததும் ராகேல் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்திருவாரு அக்கா."

காலையில் கிடைத்திருக்க வேண்டிய சொல். செல்லத்தாய் கிழங்கைப் பிட்டு, பாதியை ராகேலிடம் கொடுத்தாள்.