வாரத்துக்குப் போட்ட சாமந்தி

நாராயணம்மாவுக்கு வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆபீஸ் என்று போனால் தமிழ். மாலூர்ப் பக்கம் பிறந்து பாகலூருக்கு வாழ்க்கைப்பட்டவள். மூன்று பாஷையிலும் பேரம் பேசுவாள், சண்டையும் போடுவாள். அப்படிப்பட்டவளை ஒரே ஒரு தமிழ்ச் சொல் கவிழ்த்துவிட்டது.

கணவன் செத்துப்போன பிறகு ஊரில் பெரிய நிலக்காரரான கரியப்பனின் நிலத்தை வாரத்துக்கு எடுத்துச் சாமந்தி போட்டாள். வாரம் என்றால் இங்கே பங்கு. நிலம் அவருடையது, நாற்றும் மருந்தும் பாடும் இவளுடையது, பூ விற்ற காசில் ஆளுக்குப் பாதி. கொரோனாவில் பூச்சந்தையை மூடியபோது பூத்ததையெல்லாம் பறித்து ஏரிக்கரையில் கொட்டினாள். அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க ஜெகதீஷ் என்பவர் வந்தார். "நான் வாரத்துக்குச் செய்யறேனுங்க சார்" என்றாள். பட்டணத்து மனிதர், வாரக்கூலி என்று எழுதிக்கொண்டு போனார். சாகுபடி செய்தவர் என்ற இடத்தில் கரியப்பன் பேர் ஏறியது, பணமும் அவர் கணக்குக்கே போனது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்வாரா பின்னே?

இத்தனை வருஷம் கழித்து, யாருக்கு என்ன நிவாரணம் கொடுத்தோம் என்று ஊரறிய வாசிக்க வேண்டுமாம், கிராம சபையில் தணிக்கை வைத்தார்கள். முந்தின நாள் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக மகன் மாதேஷ் அம்மாவிடம் கெஞ்சினான். இப்போதும் அவர் நிலத்தில்தான் நம் சாமந்தி மொட்டு விட்டிருக்கிறது, கரியப்பனைப் பகைத்துக்கொண்டால் அடுத்த நடவுக்கு நிலம் கிடையாது, சுற்றிலும் எல்லாம் பிளாட் போட்டாயிற்று, தன் வேலையும் கான்ட்ராக்ட் வேலை, வாயைத் திறக்காதே என்றான். அவளும் சரி என்றாள்.

மறுநாள் தணிக்கைக்கு வந்த சுப்ரியா மேடம் மைக்கில் ஒவ்வொரு பேராக வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கரியப்பன் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். பேர் நெருங்க நெருங்க நாராயணம்மா மகனிடம் சரி என்று சொன்னதை நினைத்துக்கொண்டாள்.

"கரியப்பன். சொந்தச் சாகுபடி, சாமந்தி."

அந்தப் பூ யாருடையது என்று ஊருக்கே தெரியும். ஆனால் கரியப்பனின் டிராக்டரை இரவல் வாங்காதவர் அங்கே யார்? மேடம் அடுத்த பேருக்குப் போகப் பார்த்தாள். பணம் போனால் போகட்டும், அதென்ன சொந்தச் சாகுபடி என்று நாராயணம்மாவுக்கு வயிறு எரிந்தது. தன்னையறியாமல் எழுந்துவிட்டாள்.

"அது நான் போட்ட பூவுங்க மேடம். வாரத்துக்குப் போட்டேன்."

வாரக்கூலிக்கா என்று மேடம் கேட்டாள். பின்னால் யாரோ சிரித்தார்கள். கரியப்பன் திரும்பியும் பார்க்காமல், ஆமாம், அன்றும் இன்றும் வாராவாரம் கூலி வாங்குகிறவள்தான், மேலே படியுங்கள் என்றார். இல்லை, பாதிப் பங்கு என்றாள் இவள். சாட்சி உண்டா என்று கேட்டாள் மேடம். பக்கத்துத் தோட்டத்துக்காரர்களை நாராயணம்மா பார்த்தாள். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஆனாலும் இவள் உட்காரவில்லை.

அவள் அப்படி நின்றுகொண்டே இருந்ததுதான் கரியப்பனுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து திரும்பினார்.

"எங்கிட்டயே எதிர்த்துப் பேசறயா? இந்தப் பூவு பறிச்சதும் வாரத்த முடிச்சுக்க. உன் பாதிய எடுத்துக்கினு நெலத்த உட்டுப் போ."

பக்கத்திலேயே இருந்த மைக் அதையும் ஊர் முழுக்கச் சொன்னது. கூலிக்காரிக்கு ஏது பாதி? மேடம் அவர் சொன்னதை அப்படியே எழுதி, சத்தமாக வாசித்து, சரிதானா என்று கேட்டாள். கரியப்பனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"சரிதாங்க மேடம்" என்றாள் நாராயணம்மா. சாகுபடி செய்தவர் என்ற இடத்தில் அவள் பேர் ஏறியது. நிலம் போயிற்று என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு, மொட்டு விட்ட சாமந்திக்குத் தண்ணீர் பாய்ச்சப் புறப்பட்டாள். பூப் பறிக்கும் வரைக்கும் பாதி அவளுடையது.