அக்கா அடிக்கச் சொன்ன வெள்ளி உரு

அக்கா எங்களை விட்டுப் போய் இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றாருக்கும் நண்பர்களுக்கும் அக்காவின் ஒரே தங்கையாகிய நான் கைகூப்பி வணக்கம் சொல்லுகிறேன்.

மலருக்குக் கட்டுரை எழுதும்படி அத்தான் என்னைக் கேட்டுக்கொண்டபோது, உறவில் பெரியவரான ஒரு அண்ணாச்சி பக்கத்தில் இருந்தார். "ஒங்க அக்காவப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதும்மா. அந்தச் சீக்க மட்டும் எழுதிராத. உடம்புக்குச் சொகமில்லாம இருந்தாகன்னு ஒரு வரியப் போட்டு முடிச்சிரு" என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் அந்த ஒரு வரியை எழுத எனக்கு மனம் வரவில்லை. அக்காவுக்கு வந்தது மார்பில் புற்றுநோய். வந்த பிறகும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். சும்மா அல்ல, சிரித்துப் பேசி, சண்டை போட்டு, மகளைக் கட்டிக்கொடுத்து, பேரனைத் தூக்கி வாழ்ந்தார். இதை விட்டுவிட்டு அக்காவைப் பற்றி எழுதுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். அண்ணாச்சி பொறுத்தருள வேண்டும்.

அக்கா பிறந்தது இளையரசனேந்தல் பக்கம், வானம் பார்த்த கரிசலில் பருத்தியும் கம்பும் விதைத்து வாழ்ந்த குடும்பத்தில். நான் நடக்கத் தொடங்கும் முன்னே எங்கள் தாயார் தவறிவிட்டதால் அக்காதான் என்னை இடுப்பில் வைத்து வளர்த்தார். தமக்கு எழுத்து தெரியாது என்ற ஆத்திரத்திலேயே என்னை அடித்து இழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் இன்று ஆசிரியையாக இருப்பதும், இந்தக் கட்டுரையை எழுதுவதும் அந்த அடியின் புண்ணியம். சங்கரன்கோவிலில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, பெற்ற பிள்ளைகளில் தங்கிய ஒரே மகளைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். மண்டிக்கு வரும் வண்டிக்காரர்கள் அத்தானிடம் பேரம் பேசுவார்கள், அக்கா உள்ளிருந்து செருமினால் விலையை ஒத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

உலக யுத்தம் முடிந்த சமயத்தில்தான் அக்கா தம் இடது மார்பில் ஒரு கட்டியைக் கண்டார். நெல்லிக்காய் அளவு இருக்கும், வலி இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. நம் ஊரில் உடம்பில் எது வந்தாலும் கோமதி அம்மன் சந்நிதியில் புற்றுமண் வாங்கிப் பூசுவோம் அல்லவா? அக்காவும் ரவிக்கைக்குள் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசிக்கொண்டு வேலையைப் பார்த்தார். அத்தானுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. எதிர்வீட்டு அரிசிக்கடை ஞானம்மாள்தான் கண்டுபிடித்தார். கிணற்றடியில் அக்கா ஒரு கையாலேயே நீர் இறைப்பதைப் பார்த்து, "ஏக்கா, இடது கைய ஏன் ஒடம்போட ஒட்டி வச்சிருக்கிய? என்ன ஒளிக்கிய?" என்று மடக்கியிருக்கிறார். அக்கா முதலில் சீறினார். ஞானம்மாள் விடவில்லை. வேதக்கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவரான அவருக்குத் தெற்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றித் தெரியும். கடையை வீட்டுக்காரர் தலையில் கட்டிவிட்டு, அக்காவைக் கையைப் பிடித்துப் பஸ் ஏற்றியவர் அவர்தான். ஞானம்மாளுக்கு எங்கள் குடும்பம் ஏழு பிறவிக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா வெள்ளைக்காரர். தமிழ் படித்து வைத்திருந்தார். அக்காவைச் சோதித்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். மார்பை முழுவதும் எடுக்க வேண்டும், அக்குளுக்குள் இருக்கும் சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும், புண் ஆறிய பின், கரண்டு என்று நம் பக்கம் சொல்லும் எக்ஸ்ரே கதிர் வைக்க வேண்டும். "கட்டி சிறியதாக இருக்கும்போது வந்தால் பிழைக்க வழி உண்டு. இங்கே பெண்கள் புண்ணாகி நாற்றம் எடுத்த பிறகுதான் வருகிறார்கள். வெட்கத்திலேயே செத்துப்போகிறார்கள்" என்று அவர் சொன்னபோது அவர் கண் கலங்கியது. நான் பக்கத்தில் நின்று தேம்பி அழுதேன். அக்கா அழவில்லை.

"எடுத்துப் போடுங்க. எம்மவ கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் எனக்கு உசிரு கெடந்தாப் போதும்" என்றார்.

அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, அக்கா குனிந்து தம் நெஞ்சைப் பார்த்தார். கழுத்தெலும்புக்குக் கீழிருந்து அக்குள் வரை நீளமாகத் தையல். விரலால் அதை ஒரு முறை தடவினார். பிறகு என்னைப் பார்த்து, "என்னட்டி முழிக்க? அறுத்த வயக்காடு மாதிரி சுத்தமாத்தான இருக்கு" என்றார். அன்று இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். அதன் பிறகு கரண்டு வைத்தார்கள். தோல் கறுத்து உரிந்தது, சோறு இறங்கவில்லை. அத்தனையும் பொறுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். இடது கை மட்டும் வீங்கியே இருந்தது. அதனால் கடைசி வரை கிணற்றில் நீர் இறைத்தவர் அத்தான்தான். "மண்டி மொதலாளி கொடத்தத் தூக்கிட்டாரு" என்று தெருவே கேலி செய்தது. அத்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழா வந்தது. அக்காவுக்கு நேர்த்திக்கடன் இருந்தது. பாம்பு கடித்துப் பிழைத்தவர் பாம்பு உரு சாத்துவார், கண் நோய் தீர்ந்தவர் கண் உரு சாத்துவார். அக்காவோ மார்பு உரு சாத்துவதாக வேண்டிக்கொண்டிருந்தார். சந்நிதித் தெருவில் வெள்ளித் தகடு அடிக்கும் ஆசாரியிடம் நானும் கூடப் போனேன்.

ஆசாரி தலையைக் குனிந்துகொண்டார். "அந்த உருவெல்லாம் நாங்க அடிக்கது இல்ல தாயி."

"கண்ணு அடிக்கீரு, காலு அடிக்கீரு, தேளு கூட அடிக்கீரு. பிள்ளைக்குப் பாலு குடுக்கது என்ன ஆசாரி, தேளவிடக் கேவலமா?"

ஆசாரி சுத்தியலை எடுத்து வேறு தகட்டைத் தட்டத் தொடங்கினார். உள்ளே இருந்த அவர் மனைவிதான் சிரித்துக்கொண்டே வந்து, "அடிச்சுக் குடுங்க, நீங்களும் அதக் குடிச்சு வளந்தவருதான்" என்றார். உரு வந்தது. அத்தான், "துணியில முடிஞ்சு உண்டியல்ல போட்டுட்டு வந்திருட்டி. ஊரு பாக்கணுமா?" என்று கெஞ்சினார். "நான் என்ன களவாண்டா கொண்டு போறேன்?" என்று சொல்லிவிட்டு, பூத்தட்டின் நடுவில் அந்த உருவை வைத்து, தபசுக் கூட்டத்தின் வழியாக அக்கா நடந்தார். ஊர் பார்த்தது. நன்றாகவே பார்த்தது.

அதற்குப் பலன் கிடைக்காமல் போகவில்லை. அக்காவின் மகளுக்குச் சிவகிரியில் ஒரு சம்பந்தம் வெற்றிலை மாற்றும் அளவுக்கு வந்திருந்தது. தரகர் வந்து, "தாயிக்கு உள்ள சீக்கு மகளுக்கும் வந்துரும்ங்காக. வேற எடம் பாத்துக்கிடச் சொன்னாக" என்று சொல்லிவிட்டு மோர் கூடக் குடிக்காமல் போனார். அடுத்து வந்த இரண்டு ஜாதகங்களும் அப்படியே திரும்பிப் போயின. எனக்கு வந்த கோபத்துக்குச் சிவகிரிக்கே நடந்து போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். வியாதி என்று டாக்டரம்மா சொன்னபோது அழாத அக்கா அன்று அழுதார். "அவளுக்காவத்தானட்டி நான் உசிரக் கேட்டேன். நான் கும்புட்ட கும்புடே அவளுக்கு வெனையாப் போச்சே" என்று அவர் சொன்னது இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

அதற்கு அடுத்த ஆடித்தபசு கழிந்த சமயம் ராயகிரியிலிருந்து ஒரு அம்மாள் வில்வண்டியில் வந்து இறங்கினார். நிலபுலம் உள்ள வீடு. பெண் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார். முன்தகவல் இல்லை, தரகர் இல்லை, மாப்பிள்ளையின் தகப்பனார்கூட வரவில்லை. நாங்கள் அவசர அவசரமாகப் பெண்ணுக்குப் பூச்சூட்டிக் கொண்டுவந்து நிறுத்தினோம். அந்த அம்மாள் பெண்ணை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மதினி, கொஞ்சம் அந்தப் பக்கமா வாரீகளா?" என்று கேட்டு, அக்காவை உள்ளறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெகு நேரம் கழித்து அக்கா மட்டும் வெளியே வந்து அத்தானிடம், "தெக்க போற பஸ்ஸு எப்ப? பொண்ணு பாக்க வந்தவுகள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்" என்றார்.

விஷயம் இதுதான். அந்த அம்மாளுக்கு வலது மார்பில் கட்டி. யாரிடமும் சொல்லாமல், தபசு அன்று ஆசாரி கடைக்கு வந்து மார்பு உரு கேட்டிருக்கிறார். ஆசாரியின் மனைவி தகட்டைக் கொடுக்கும் முன், "இத மொதல்ல அடிக்கச் சொன்னவுக வத்தல் மண்டி வீட்டு அம்மா. அவுகளப் பாத்துட்டு வந்து வாங்குங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் கேட்டால் என்ன சொல்வது? பெண் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்பியிருக்கிறார். உள்ளறையில் அக்கா தம் ரவிக்கையை அவிழ்த்துத் தழும்பைக் காட்டியிருக்கிறார். "இம்புட்டுத்தான். இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. தொட்டுப் பாருங்க" என்றாராம்.

அந்த அம்மாளுக்கும் அறுவை நடந்தது. அக்கா கூடவே தங்கிப் பணிவிடை செய்தார். ஊர் திரும்புவதற்கு முன்னால் அந்த அம்மாள், "மதினி, அன்னைக்கு ஒரு சாக்குக்குத்தான் பொண்ணு பாக்க வந்தேன். இப்ப நெசமாவே கேக்கேன். எம்மவனுக்குப் பொண்ணத் தருவீகளா?" என்றார்.

அக்காவுக்கு உடனே ரோஷம் வந்துவிட்டது. "செஞ்ச ஒதவிக்குப் பதிலாக் கேக்கீகளா? அப்படின்னா வேண்டாம்."

"அதுக்கில்ல மதினி. எங்க வீட்டுல நான் ஒளிச்சேன். ஒங்க வீட்டுல நீங்க ஒளிக்கல. எனக்கு ஒளிக்காத வீட்டுப் பொண்ணு வேணும்."

கல்யாணம் ராயகிரியில் நடந்தது. தாலி ஏறியபோது அக்கா போட்ட குலவைச் சத்தத்தை அன்று கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சம்பந்தி இருவரும் அடித்த கூத்தையும் சொல்லியாக வேண்டும். பேரன் பிறந்தபோது, "நீங்க வலது, நான் எடது, ரெண்டு பேரும் சேந்துதான் ஒரு முழு ஆச்சி" என்று அக்கா சொல்ல, சம்பந்தியம்மாள் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார். பல ஊர்களிலிருந்தும் பெண்கள் அக்காவைத் தேடி வந்தார்கள். அக்கா எல்லாருக்கும் தழும்பைக் காட்டினார், எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். போனவர்கள் எல்லாரும் பிழைத்துவிடவில்லை. பிந்திப் போனவர்களுக்காக அக்கா ராப்பகலாக அழுதிருக்கிறார். ஆஸ்பத்திரிக்கு முந்திப் போனவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

கடைசி ஆண்டில் அக்காவுக்கு முதுகில் வலி வந்தது, பிறகு இருமல். நோய் எலும்புக்கும் நெஞ்சுக்கும் போய்விட்டது என்றும், இனி வலி குறைக்கத்தான் மருந்து என்றும் டாக்டரம்மா சொன்னார். அக்கா ஒரு குறையும் பேசவில்லை. "கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டா அம்மன்" என்றார். சம்பந்தி வீட்டில் தங்குவது மரியாதை இல்லை என்று ஊர் சொன்னதைத் தூக்கி எறிந்துவிட்டு, ராயகிரி அம்மாள் வந்து இருந்து, கடைசி மூச்சு வரைக்கும் அக்காவுக்குக் கஞ்சி புகட்டினார். அவருக்கும், மகளுக்கும் மருமகனுக்கும், வருந்தி வருந்தி உழைத்த டாக்டரம்மாவுக்கும், ஆசாரி குடும்பத்துக்கும், துன்பத்தில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அக்கா போன அன்று குடத்தில் நீர்மாலை எடுத்து வந்து, அக்காவைக் குளிப்பாட்டச் சேலையால் மறைப்புப் பிடித்தோம். சம்பந்தியம்மாள்தான் நீர் ஊற்றினார். தழும்பைக் கையால் தொட்டுத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு மறைப்புக்கு வெளியே நின்ற பெண்களைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்கட்டி. வந்து பாத்துட்டுப் போங்க. இவுக பாக்க விட்டதாலதான் நான் உசிரோட இருக்கேன்" என்றார். வயதானவர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள், அழுதார்கள், போனார்கள்.

ஒருவர் மட்டும் போகவில்லை. எல்லாரும் விலகிய பின், சம்பந்தியம்மாளின் ஈரக் கையைப் பிடித்துத் தம் முந்தானைக்குள் கொண்டுபோய் வைத்தார். அடுத்த வாரமே தெற்கே போகும் பஸ்ஸில் அவரை நானும் சம்பந்தியம்மாளும் ஏற்றிக்கொண்டு போனோம்.

அவர் நலமாக இருக்கிறார். இன்று காலை இங்கே வந்து, எல்லாருக்கும் காப்பி ஆற்றிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். யாரென்று தேட வேண்டாம்.