ஏஐயிடம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிப்போமா

மென்பொருள் செய்து கொடுக்கும் தொழிலில் இப்போது கோட் எழுதுவது கஷ்டமில்லை. எழுத விடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். கண்டி டவுனில் எங்களுடையது சின்ன அலுவலகம். ஏஐ ஏஜென்ட் ஒன்றை வைத்து வேலை செய்கிறோம். தேவையைச் சொன்னால் அதுவே கோட் எழுதி, அதுவே ஓட்டிப் பார்த்து, முடிந்தது என்று சொல்லிவிடும். என்ன தேவை என்பதை மட்டும் நாம் முதலில் யோசித்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு பெரிது என்று தெரியும்.

கடுகண்ணாவை முதலாளி

கடுகண்ணாவையில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் முதலாளி ஒருவர், பதிவு செய்ய ஒரு சிஸ்டம் வேண்டும் என்று வந்தார். ஒரு நாளில் எத்தனை நிகழ்ச்சி, யார் பதிவு செய்வது என்று நான் கேட்க ஆரம்பித்தேன். “அதெல்லாம் பிறகு பார்ப்போம் மகள். உங்ககிட்டதான் ஏஐ இருக்கே, செஞ்சு காட்டுங்க” என்றார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் ஏஜென்ட் செய்து காட்டிவிட்டது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

அடுத்த மாதம் கோபத்தோடு வந்தார். ஒரு முகூர்த்த நாளைக் கேட்டு வந்த குடும்பத்திடம் அன்று இடமில்லை என்று சிஸ்டம் சொல்லிவிட்டதாம். பெண்ணின் அப்பா வேறு மண்டபம் பார்த்துவிட்டார். விசாரித்தால், இவருக்கு மண்டபம் இரண்டு. கீழே ஒன்று, மாடியில் ஒன்று. ஏஜென்ட் ஒன்றுதான் என்று எடுத்துக்கொண்டது. நீங்கள் சொல்லவில்லையே என்றேன்.

“மேல ஒரு ஹோல் இருக்கிறது ரோட்டுல போற எல்லாருக்கும் தெரியும் மகள். உங்க ஏஐக்கு மட்டும் தெரியாதா?”

எழுதாதே என்றால்

அதற்குப் பிறகு, முதலில் திட்டம், பிறகுதான் கோட் என்று முடிவெடுத்தேன். “ஒன்றையும் தொடாதே, திட்டத்தை மட்டும் சொல்” என்று ஏஜென்டிடம் எழுதினேன். நிச்சயமாக என்றது. நான் போய் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வருவதற்குள் திட்டத்தையும் சொல்லி, அதைச் செய்தும் முடித்திருந்தது. எல்லாவற்றையும் பழையபடி மாற்ற அரை நாள் போனது. பக்கத்துக் கதிரையில் இருந்து வேலை செய்யும் பர்ஹான் எட்டிப் பார்த்தார்.

“எங்கட மச்சானும் இப்படித்தான் அக்கா. எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு, அவர் நினைச்சதத்தான் செய்வார்.”

கெலிஓயாவில் அளவு நாடா

பர்ஹானுக்குச் சொந்த ஊர் கெலிஓயா. அங்கே பள்ளிக்கூட யூனிஃபோர்ம் தைக்கும் கடை ஒன்றின் வேலையை அவர்தான் பிடித்து வந்தார். பிள்ளைகளின் அளவுகளை அங்குலத்துக்குப் பதிலாக சென்டிமீட்டரில் காட்ட வேண்டும், வேறொன்றுமில்லை. பர்ஹான் ஒழுங்காகத் திட்டம் கேட்டார். ஏஜென்டும் நீளமாக ஒன்று கொடுத்தது. அதன் நடுவில், பழைய அளவுகள் அழிக்கப்பட்டுப் புதிதாகத் தொடங்கப்படும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. பர்ஹான் ‘சரி, செய்’ என்று அனுப்பிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறக்கப் போகும் நேரத்தில் அளவுகள் எல்லாம் அழிந்துபோயின. நல்லவேளையாகப் பழைய பிரதி ஒன்று இருந்தது. அதற்குப் பின் அளவெடுத்த பிள்ளைகளை மட்டும் திரும்பக் கூப்பிட வேண்டியதாயிற்று. நாங்கள் போனதும் கடைக்காரர் அளவு நாடாவை எடுத்து பர்ஹானின் கையில் கொடுத்தார். வரிசையில் நின்ற தாய்மார் எங்களைப் பார்த்த பார்வையில் நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில், திட்டத்தை ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டேன்.

“பிளான் கேக்கச் சென்னீங்க, கேட்டேன். அத வாசிக்கணும் எண்டு ஒருத்தரும் செல்லல்லையே அக்கா.”

மடுல்கெல்லவில் ஒரு பகல்

மடுல்கெல்லவில் யாழ்ப்பாணத்து டொக்டர் ஒருவர் டிஸ்பென்சரி நடத்துகிறார். நோயாளிகளுக்கு, நாளைக்கு வர வேண்டும் என்று போனில் ஞாபகப்படுத்தும் செய்தி போக வேண்டும் என்றார். இந்த முறை நான் அசையவில்லை. அங்கேயே உட்கார்ந்து ஏஜென்டின் திட்டத்தை வரி வரியாக வாசித்தேன். பதிவில் இருக்கும் நம்பருக்கு நோயாளியின் பெயரும் வருத்தத்தின், அதாவது நோயின், பெயரும் போகும் என்று ஒரு வரி இருந்தது. அந்த நம்பர் அவரவருடையதுதானா என்று அங்கே வேலை செய்யும் ராணி மிஸ்ஸிடம் கேட்டேன்.

மிஸ் கையில் இருந்த மருந்துப் போத்தலை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். “தோட்டத்து லயத்து வீடுகள்ல பாதிப் பேருக்குச் சொந்த போன் இல்லீங்க. வீட்டுக்காரர் நம்பரைத்தான் குடுப்பாங்க. வீட்டுக்குத் தெரியாம மருந்துக்கு வர்ற ஒரு பொம்பளையும் இருக்கு. தெரிஞ்சா அடிதான்.” அந்தச் செய்தி ஒரு தடவை போயிருந்தாலே போதும்.

திட்டத்தை மாற்றினோம். கேட்டவர்களுக்கு மட்டும் செய்தி, அதில் வருத்தத்தின் பெயர் இருக்காது, மற்றவர்களுக்கு மிஸ் நேரில் சொல்வார். மிஸ் சொன்ன அந்தப் பெண் இப்போதும் பயமில்லாமல் வந்து மருந்து எடுக்கிறார். அன்று பின்னேரம் டொக்டர் வெளியே வந்து, இன்னும் வெறுமையாகவே இருந்த திரையைப் பார்த்தார்.

“காலமை இருந்து கதைச்சுக்கொண்டேதான் இருக்கிறியள். வேலையை எப்ப துவங்கப் போறியள்?”

கோட் எழுதும் வேலையை ஏஐ எடுத்துக்கொண்டுவிட்டதால் எனக்கு மிஞ்சியிருப்பது ஆட்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் வேலைதான், அதை வேலை என்று ஒத்துக்கொள்ளத்தான் இன்னும் ஆளில்லை.